சல்சாவைத் தொட்டே சொல்லிவிடுவார்

டெக்சாஸில் புதிதாகக் குடியேறியவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் வாடகை எவ்வளவு என்று கேட்கலாம். சம்பளம் எவ்வளவு என்றுகூடத் துணிந்து கேட்டுவிடலாம். "இந்தப் பக்கம் நல்ல டெக்ஸ்-மெக்ஸ் கடை எது? விலையும் கையைக் கடிக்கக் கூடாது" என்று மட்டும் நாலு பேர் நிற்கும் இடத்தில் கேட்டுவிடக் கூடாது. கேட்டால், டெக்சாஸ் பாணி மெக்சிகன் சாப்பாட்டைக் கரைத்துக் குடித்த டெக்ஸ்-மெக்ஸ் ஞானி வந்துவிடுவார்.

டல்லாஸோ ஹூஸ்டனோ, அலுவலகத்துக்கு ஒருவராவது இவர் இருக்கிறார். ஐம்பதைத் தாண்டிய வயது, பிக்கப் வண்டி, பெல்ட்டுக்கு மேலே இறங்கி உட்கார்ந்திருக்கும் அனுபவம். மூன்று தலைமுறையாகத் தாம் டெக்சாஸ்காரர் என்பதைச் சொல்ல அவருக்கு மூன்று நிமிடம்கூடத் தேவைப்படாது. மற்றவர்கள் உங்கள் கேள்விக்கு ஏதாவது ஒரு கடையின் பெயரைச் சொல்வார்கள். ஞானி சொல்ல மாட்டார். "இதுவரைக்கும் எங்கே சாப்பிட்டீங்க?" என்று திருப்பிக் கேட்பார். நெடுஞ்சாலையோரத்தில் ஊர்தோறும் ஒரே வண்ணப்பூச்சோடு நிற்கிற ஏதோ ஒரு கடையை நீங்கள் சொல்வீர்கள். அவர் சற்று நேரம் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு உங்கள் தோளில் கை வைத்து, "பரவாயில்லை, உங்க மேல தப்பில்லை" என்பார்.

நல்ல கடையை உள்ளே போகாமலே கண்டுபிடித்துவிடலாம் என்பது அவருடைய முதல் சித்தாந்தம். வண்டி நிறுத்தும் இடத்தைப் பார்த்தால் போதும். கூரை வேலைக்காரர்களின் ஏணி கட்டிய லாரி, மின்கம்பம் பழுது பார்க்கிறவர்களின் வண்டி, ஒரு போலீஸ் கார் ஆகிய மூன்றும் நின்றால் தாராளமாக உள்ளே போகலாம். பளபளக்கும் சொகுசுக் கார் இரண்டு நின்றால் விலை ஏறத் தொடங்கிவிட்டது என்று பொருள். சாவியை வாங்கிக்கொண்டு காரை நிறுத்திவைக்க ஓர் ஆள் நின்றால் கடை செத்துவிட்டது. வேகத்தைக் குறைக்காமல் தாண்டிப் போய்விட வேண்டும்.

கட்டடம் முன்பு வேறு எதுவாகவாவது இருந்திருக்க வேண்டும் என்பது இரண்டாவது விதி. குடியிருந்த வீடு, டயர் கடை, சலவைக்கடை, எதுவானாலும் சரி. சாப்பாட்டுக் கடை என்றே திட்டம் போட்டுக் கட்டிய இடத்தில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. பெட்ரோல் பங்க்குக்குள், என்ஜின் ஆயில் அடுக்குக்குப் பின்னால், ஒரு ஜன்னல் வழியாக, ரொட்டியில் மடித்த டாக்கோ கொடுக்கிற இடமே ஞானியின் கைலாசம். சுவரில் பேக்கரிக்காரர் கொடுத்த காலண்டரும் குவாடலூப்பே மாதா படமும் இருக்கலாம். தொங்கும் தொட்டிச் செடிகள் இருக்கலாகாது. "ஒரு செடிக்கு ஒரு டாலர்னு தட்டு விலையில ஏத்திடுவான்" என்பது அவர் கண்டுபிடித்த பொருளாதாரம். எண்ணிப் பார்த்தால் ஏறக்குறைய சரியாகத்தான் வருகிறது.

உட்கார்ந்ததும் சோதனை தொடங்கும். டெக்சாஸ் கடைகளில் கேட்காமலே ஒரு கூடை சோளச் சிப்ஸும் தக்காளிச் சட்னி போன்ற சல்சா ஒரு கிண்ணமும் மேசைக்கு வந்துவிடுவது பழைய மரியாதை. 2003இல் மாநிலச் சட்டமன்றம் இந்த ஜோடியை டெக்சாஸின் அதிகாரபூர்வச் சிற்றுண்டியாகவே அறிவித்துவிட்டது. அண்மைக்காலமாகச் சில கடைகள் இதற்கும் காசு கேட்கின்றன. மெனுவில் சிப்ஸுக்கு நேரே ஒரு விலையைக் கண்டால் ஞானி எழுந்துவிடுவார். விலை இல்லையென்றால் ஒரு சிப்ஸை எடுத்துச் சல்சாவில் ஓரத்தை மட்டும் தொட்டு, நாக்கில் வைத்து, கூரையைப் பார்ப்பார். சிப்ஸ் சூடாக இருந்தால் இன்றைக்குப் பொரித்தது. சல்சாவில் கருகிய தோல் துணுக்கு தென்பட்டால் தக்காளியைச் சுட்டு அரைத்திருக்கிறார்கள். இனித்தால் டப்பா. அந்த ஒரு தொடுதலிலேயே சமையல்காரர் எந்த ஊர்க்காரர், எத்தனை நாளாக அலுப்பில் இருக்கிறார் என்பது வரை சொல்லிவிடுவார்.

அடுத்து, சப்பாத்தி போன்ற கோதுமை டார்ட்டியா. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பழுப்புப் புள்ளிகளைப் பார்ப்பார். புள்ளிகள் ஒரே சீராக இருந்தால் இயந்திரம். தாறுமாறாக இருந்தால் உள்ளே ஒரு பாட்டி இருக்கிறார். இந்தத் தீர்ப்பு வரும்வரை உடன் வந்தவர்கள் பசியோடு காத்திருக்க வேண்டும்.

அவர் வாங்குவது எப்போதும் காம்பினேஷன் தட்டுதான். குழம்பு ஊற்றிய என்சிலாடாச் சுருள் இரண்டு, ஒரு டாக்கோ, தக்காளிச் சோறு, மசித்து வறுத்த பீன்ஸ் எல்லாம் ஒரே தட்டில், ஒரே விலைக்கு வரும். நம் ஊர் அளவுச் சாப்பாட்டுக்கு உடன்பிறப்பு. சான் அன்டோனியோவில் 1900இல் திறந்த ஒரிஜினல் மெக்சிகன் ரெஸ்டாரன்ட் காலத்திலிருந்து இந்தத் தட்டுக்குக் கிட்டத்தட்ட இதே உருவம்தான். டல்லாஸில் 1918இல் தொடங்கிய எல் ஃபீனிக்ஸ் புதன்கிழமை என்சிலாடாவை மலிவாகக் கொடுத்துப் பேர் வாங்கியது. ஞானி மெனுவை வலப்பக்கத்திலிருந்து படிப்பவர். விலைக்குப் பிறகுதான் பதார்த்தம். "தட்டு சுடுது, தொடாதீங்க" என்று பரிமாறும் அம்மாள் ஒவ்வொரு முறையும் எச்சரிப்பார். ஒவ்வொரு முறையும் அவர் தொடுவார். சுடவில்லையென்றால் அதுவும் ஒரு குற்றச்சாட்டாகக் குறித்துக்கொள்ளப்படும்.

சாந்தசொரூபியான இவருக்குக் கோபம் வர ஒரே ஒரு வாக்கியம் போதும்: "இது அசல் மெக்சிகன் சாப்பாடே இல்லையே." விடுமுறைக்கு மெக்சிகோவின் ஓவஹாக்கா போய்வந்த யாராவது இதைச் சொல்லிவிடுவார்கள். அவ்வளவுதான், மதிய இடைவேளை முடிந்தது. 1972இல் டயானா கென்னடி என்ற பிரிட்டிஷ் அம்மையார் மெக்சிகோவின் சமையல்களைப் பற்றி எழுதிய நூலிலிருந்து ஆரம்பிப்பார். எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சமையல் ஒரு ஜாதி, இந்தப் பக்கத்துச் சமையல் வேறு ஜாதி என்று கோடு கிழித்தவர் அவர்தான் என்பது ஞானியின் மனத்தாங்கல். "டெக்சாஸ் அமெரிக்காவோட சேர்ந்தது 1845. அதுக்கு முன்னாலேயே இங்கே இருந்த குடும்பங்களோட சாப்பாடு இது. மஞ்சள் சீஸ், மாட்டிறைச்சி, கோதுமை டார்ட்டியா, சீரகம் எல்லாம் சேர்ந்தா இந்த மண்ணு. அசல் இல்லைன்னா, வேற எதோட நகல்?" என்பார். நியூ பிரான்ஃபெல்ஸ் ஊரில் மிளகாய்ப் பொடியை அரைத்து விற்ற கெபார்ட் ஒரு ஜெர்மானியர் என்பதையும், சிப்ஸ் மேல் சீஸை உருக்கிய நாச்சோவை 1940களில் முதலில் செய்து கொடுத்த இக்னாசியோ அனாயா எல்லை ஆற்றுக்கு அக்கரையில், மெக்சிகோவின் பியெத்ராஸ் நேக்ராஸில் இருந்தார் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுவார். இரண்டும் அவருடைய வாதத்துக்கே எதிராகப் போகின்றனவே என்று கேட்க யாருக்கும் தைரியம் வருவதில்லை.

ஞானிகளுக்குள்ளும் சைவ வைணவச் சண்டை உண்டு. சான் அன்டோனியோ ஞானிக்கு, சோள மாவை எண்ணெயில் உப்பவைத்துச் செய்யும் பஃபி டாக்கோதான் தெய்வம். அங்கே பேஸ்பால் அணிக்காக மைதானத்தில் ஆடிப்பாடும் வேஷப் பொம்மையே ஒரு பஃபி டாக்கோ. ஆஸ்டின் ஞானிக்கு முட்டையும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுருட்டிய காலை டாக்கோ. அந்தக் காலை டாக்கோ ஆஸ்டினுக்குச் சொந்தம் என்பதுபோல 2016இல் ஒரு கட்டுரை வரப்போய், சான் அன்டோனியோவே கொதித்தெழுந்தது. கடைசியில் இரு நகர மேயர்களும் உட்கார்ந்து சமாதானம் பேச வேண்டியதாயிற்று. நம் ஞானி இன்னும் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை.

கேலியெல்லாம் போக, மனிதர் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. ருசி, மலிவு, புகழ் மூன்றும் ஒரே கடையில் நெடுநாள் குடியிருக்காது. புகழ் வந்தால் மலிவு வெளியேறும். இதற்கு அவர் காட்டும் சாட்சி ஃபஹீட்டாவின் கதை. பசுவின் வயிற்றுப் பக்கத்து நார் இறைச்சி அது. தெற்கு டெக்சாஸ் பண்ணைகளில் மாடு அறுத்தால், நல்ல பாகமெல்லாம் முதலாளிக்குப் போக, தலை, குடலோடு சேர்த்து மாட்டுக்காரர்களுக்குக் கூலியின் ஒரு பங்காகத் தள்ளிவிடப்பட்டது. 1969இல் சன்னி ஃபால்கன் என்ற ஆஸ்டின் இறைச்சிக்கடைக்காரர் கைல் என்ற சிற்றூரில் கடை போட்டு அதைச் சுட்டு விற்றார். 1973இல் ஹூஸ்டன் நேவிகேஷன் சாலையில், கணவரை இழந்த நின்ஃபா லொரென்சோ, நொடித்துக்கொண்டிருந்த தம் டார்ட்டியா தொழிற்கூடத்தின் முன்பக்கத்தில் சில மேசைகளைப் போட்டு, அதே இறைச்சியை டார்ட்டியாவில் சுருட்டிக் கொடுத்தார். ஊரே திரண்டது. 1982இல் ஆஸ்டினின் ஹயாத் ஹோட்டலில் அது இரும்புத் தட்டில் புகை கிளப்பிச் சீறிக்கொண்டு மேசைக்கு வந்தது. அந்தச் சத்தம் கேட்டுப் பக்கத்து மேசைகளும் கேட்க ஆரம்பித்தன. தள்ளிவிடப்பட்ட துண்டு இன்று மெனுவில் விலை கூடிய வரி. "சத்தத்துக்குக் காசு கொடுக்கிறோம்" என்று ஞானி பெருமூச்சு விடுவார்.

அதற்கும் முந்திய கதை சான் அன்டோனியோவின் 'சில்லி ராணிகள்'. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே சதுக்கங்களில் பெண்கள் இரவில் விளக்கு வைத்து, சில காசுகளுக்கு மிளகாய் இறைச்சிக் குழம்பு விற்றார்கள். வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் தேடி வந்தார்கள். 1930களின் பிற்பகுதியில் சுகாதார விதிகளைக் காட்டி நகராட்சி அவர்களை விரட்டியது. 1977இல் அதே குழம்பு மாநிலத்தின் அதிகாரபூர்வ உணவாயிற்று. குழம்புக்கு மகுடம் வந்தபோது ராணிகள் சதுக்கத்தில் இல்லை. இதைச் சொல்லும்போது மட்டும் ஞானியின் குரலில் கிண்டல் இருக்காது.

பிளேனோவிலும் இர்விங்கிலும் நிறைந்திருக்கும் தமிழர்களிடம் ஞானிக்குத் தனிப் பாசம். சீரக வாசனையைக் கண்டதும் உறவு கொண்டாடுகிறவர்கள், ஹலபீன்யோ மிளகாயைக் கண்டு அஞ்சாதவர்கள். சைவச் சாப்பாட்டுக்காரர் ஒருவரை அழைத்துப் போகும்போதுதான் சோதனை. பீன்ஸில் பன்றிக் கொழுப்பு உண்டா என்று விசாரிக்க வேண்டும். கொழுப்பு இல்லாத பீன்ஸ் விற்கும் கடையை இருபது ஆண்டுகளாகத் தூற்றி வந்தவர், இப்போது அப்படிப்பட்ட கடையைத் தேடி அலைவார். சமையலறையிலிருந்து "இறைச்சி இல்லை" என்று பதில் வரும். சோறு கோழி ரசத்தில் வெந்தது என்பதும், என்சிலாடா மேல் ஊற்றும் குழம்பில் மாட்டிறைச்சி இருக்கிறது என்பதும் மூன்றாம் கேள்வியில்தான் வெளிவரும். முடிவில் நம்மவருக்குக் கிடைப்பது காய்கறி ஃபஹீட்டா. அதாவது வெங்காயமும் குடைமிளகாயும், ஆனால் அதே சத்தத்தோடு, ஏறக்குறைய அதே விலைக்கு. கூட்டத்திலேயே அதிகப் பணம் கொடுத்துக் குறைவாகச் சாப்பிட்டவர் அவர்தான். ஞானி தலையைக் குனிந்துகொண்டு அவருடைய பில்லையும் தாமே வாங்கிக்கொள்வார்.

கஞ்சர் என்று மட்டும் அவரைச் சொல்லிவிட முடியாது. இரண்டு டாலர் மிச்சம் பிடிக்க முப்பது மைல் பிக்கப்பை ஓட்டுவார். பெட்ரோல் கணக்கைக் கேட்டால், "எப்படியும் இந்தப் பக்கம் வரவேண்டியிருந்தது" என்பார். மிச்சம் பிடித்த இரண்டு டாலரோடு இன்னும் மூன்றைச் சேர்த்து டிப்ஸாக வைத்துவிட்டு எழுவார். விலை மலிவாக இருக்க வேண்டும். அந்த மலிவுக்காகத் தாம் எவ்வளவு செலவழித்தாலும் சரி.

இவ்வளவு தெரிந்தவரிடம் ஒரு நல்ல கடையின் பெயர் கிடைக்குமா என்றால், கிடைக்கும், படிமுறைப்படி. மேலதிகாரி கேட்டால் ஒரு கடை, பரவாயில்லை ரகம். நண்பர் கேட்டால் இன்னொன்று, நல்ல ரகம். மூன்றாவது ஒன்று உண்டு. அதை அவர் மனைவிக்கே திருமணமாகிச் சில ஆண்டுகள் கழித்துத்தான் காட்டினார் என்று கேள்வி. நாலு பேருக்குத் தெரிந்தால் வரிசை நிற்கும், வரிசை நின்றால் தொட்டிச் செடி வரும், செடி வந்தால் எல்லாம் போயிற்று என்பது அவர் கவலை. தாம் வாயைத் திறக்காததால்தான் அந்தக் கடை பிழைத்துக் கிடக்கிறது என்றே நம்பியிருந்தார்.

ஒருநாள் அந்தக் கடையின் கல்லாவில் இருந்த அம்மாள் சில்லறையை எண்ணிக்கொண்டே கேட்டுவிட்டார்: "மீஹோ, இத்தனை வருஷமா வர்றே. ஒரு ஆளையாவது கூட்டிக்கிட்டு வந்திருக்கியா?" மீஹோ என்றால் ஸ்பானிஷில் 'மகனே'; டெக்சாஸில் ஸ்பானிஷ் பேசும் வயதான பெண்கள் இப்படி மகன் முறை வைத்து அழைப்பதுண்டு, ஞானியும் பிள்ளையாகவே நெளிந்தார். "இந்த இடம் கெட்டுடக் கூடாதேன்னுதான்..." என்று இழுத்தார்.

"வாடகை ஏறிப்போச்சு, மீஹோ. கொஞ்சம் கெட்டாத்தான் எங்களுக்கு நல்லது" என்றார் அம்மாள்.

மறுநாள் காலையில் கடையின் முகவரி அலுவலகம் முழுவதற்கும் மின்னஞ்சலில் போய்ச் சேர்ந்தது. கீழே ஒரு குறிப்பு: "எல்லோரும் பன்னிரண்டரைக்கு மேல் போகவும். பன்னிரண்டுக்கு இடமிருக்காது, நான் உட்கார்ந்திருப்பேன்."