வண்டி கிளம்பிடுச்சு சார்

1930-ல் நியூயார்க்கில் எம்பயர் ஸ்டேட் கட்டடம் எழும்பியபோது, சரக்கை வாங்கிக் குவித்து வைக்க அங்கே இடமில்லை. எந்த லாரி எத்தனை மணிக்கு வரும், எந்தச் சரக்கு எந்த மாடிக்குப் போகும் என்று தினமும் அட்டவணை போட்டார்கள். ஒரு கோடி செங்கல்லும் 57,000 டன் எஃகும் வந்து சேர்ந்தன. 102 மாடி, 410 நாள்.

சென்னை மேடவாக்கத்தில் மாடி வீடு கட்டுகிறவரிடம் அட்டவணை கிடையாது. செல்போன் உண்டு. காலை எட்டு மணிக்குக் கொத்தனாரும் சித்தாள்களும் வந்துவிட்டார்கள், எம்-சாண்ட் என்கிற செயற்கை மணல் வரவில்லை. சப்ளையரைக் கூப்பிட்டால், "வண்டி கிளம்பிடுச்சு சார்." பத்து மணிக்கும் கிளம்பிவிட்டது. மதியச் சாப்பாடு முடிந்த பிறகும் கிளம்பிக்கொண்டே இருக்கிறது. மேஸ்திரி வெற்றிலையை மடித்தபடி, "ஆள் வந்தாச்சுன்னா கூலி கூலிதான் சார்" என்கிறார்.

சப்ளையரை மட்டும் திட்டிப் பயனில்லை. மணல் தீர்ந்த பிறகுதான் வீட்டுக்காரர் போனையே எடுத்திருப்பார். குவாரியில் வரிசை, வழியில் சோதனை, சென்னைக்குள் கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு. இத்தனையும் தாண்டி நள்ளிரவில் வந்த டாரஸ் லாரி, தெருமுனை மின்கம்பத்தைப் பார்த்ததும் நின்றுவிடும். மணல் முனையிலேயே கொட்டப்படும். அதைச் சுமக்கத் தனிக் கூலி. பக்கத்து வீட்டுக்காரரின் வசவு இலவசம். தெரு அகலத்தைச் சொல்லி, சின்ன டிப்பராகக் கேட்டிருந்தால் இரண்டும் மிச்சம்.

கூரை கான்கிரீட் நாளில் தாமதத்துக்கு விலை அதிகம். 1,000 சதுர அடியில் 5 அங்குலக் கனத்துக்குத் தளம் போட, பீம் நீங்கலாகச் சுமார் 12 கன மீட்டர் கலவை வேண்டும். 6 கன மீட்டர் மிக்சர் வண்டிக்கு இரண்டு நடை. ஏற்றிய 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது இந்தியத் தர விதி. முதல் வண்டி காலியாகி, இரண்டாவது வேளச்சேரி நெரிசலில் நின்றால், போட்ட பாதி இறுகிவிடும். பின்னால் வரும் கலவை அதோடு சரியாக ஒட்டாது. அடுத்த ஐப்பசியில் அந்த இணைப்பு வழியாக மழை ஹாலுக்கே வந்து நலம் விசாரிக்கும். விவரமான இன்ஜினியர் "எப்போ வரும்?" என்று கேட்கமாட்டார். வண்டி எண், டிரைவர் நம்பர், பிளான்ட்டில் ஏற்றிய நேரம் மூன்றையும் கேட்பார். முதல் வண்டி காலியாகும்போது இரண்டாவது வாசலில் நிற்கும்படி பேசி வைப்பார்.

பயந்துபோய் எல்லாவற்றையும் முதல் நாளே வாங்கிக் குவிப்பவர்களும் உண்டு. மூன்று மாதம் தாண்டிய சிமென்ட்டைச் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும். கட்டி தட்டிய மூட்டை திண்ணைக்குத்தான் ஆகும். செங்கல் கதை நேர்மாறு. பச்சைக்கல் காய வெயில் வேண்டும் என்பதால், வடகிழக்குப் பருவமழையில் சூளைகள் படுத்துவிடும். செங்கல்லை மழைக்கு முன்பே வாங்கிவிட வேண்டும்.

உண்மையில் காலை வாருபவை ஜன்னலும் கிரில்லும்தான். சிமென்ட் கடையில் தயாராக இருக்கிறது. இவற்றை அளவெடுத்த பிறகுதான் செய்யவே தொடங்குவார்கள். கிரகப்பிரவேசத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி ஆர்டர் கொடுத்தவர் தப்பிக்கிறார். மற்றவர் வீட்டில் தை முகூர்த்தத்தன்று புரோகிதர் வந்துவிடுகிறார், சமையல்காரர் வந்துவிடுகிறார், பசுமாடு கன்றோடு ஐந்தரைக்கே ஆஜர். ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் கட்டிய தார்ப்பாயைக் கன்று மென்றுகொண்டிருக்கிறது.