மங்கு, மஞ்சள், மாதாந்திர பட்ஜெட்

நாற்பதைத் தாண்டிய பெண் முகத்தைப் பற்றிக் கவலைப்பட்டால் வீட்டில் கிடைக்கும் பதில், "இனிமே என்ன?" முசிறியிலிருந்தும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்திருக்கும் கடிதங்களுக்கு அப்படி இரண்டு சொல்லில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த முறை பக்கம் முழுவதும் தோலுக்கே.

கேள்வி: இரண்டு கன்னத்திலும் மங்கு. மெடிக்கலில் கேட்டதும் ஒரு ட்யூப் கொடுத்தார்கள். பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆனது. மாதக்கணக்கில் போடுகிறேன். இப்போது ஒருநாள் விட்டாலும் எரிகிறது, சிவக்கிறது, பரு கிளம்புகிறது. விடவும் முடியவில்லை, போடவும் பயமாக இருக்கிறது.
— பள்ளி ஆசிரியை, 46, முசிறி

பதில்: டீச்சர், மாணவர்களின் விடைத்தாளைத் திருத்துவது போல அந்த ட்யூப்பில் இருக்கும் பொடி எழுத்தை ஒருமுறை படியுங்கள். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் என்று மூன்று பெயர் இருக்கும் என்று நினைக்கிறேன். மூன்றாவது ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃபுளுவோசினலோன் என்று இருந்தாலும் அதுவும் ஸ்டீராய்டுதான். மங்குக்கு இந்தக் கூட்டு மருந்தை மருத்துவர்களே எழுதுவார்கள். ஆனால் சில வாரத்துக்கு மட்டும், கூடவே கண்காணிப்பு இருக்கும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், ரத்தக்குழாய்கள் சிவப்பு நூலாகத் தெரியும், பரு வரும், முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் எரியும். எரிகிறதே என்று மறுபடி போடுவீர்கள். அடுத்த ட்யூப் விற்பது இப்படித்தான். இந்தியாவில் இது எவ்வளவு பெருகிவிட்டதென்றால், தோல் மருத்துவர்கள் 'ஸ்டீராய்டால் சேதமான முகம்' என்று இதற்குத் தனிப் பெயரே வைத்துவிட்டார்கள். 2018-இல் மத்திய அரசு பூசும் ஸ்டீராய்டு மருந்துகளை சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆக, உங்களுக்கு சீட்டு இல்லாமல் அது கிடைத்ததே தவறு.

நீங்களாக ஒரேயடியாக நிறுத்திவிட்டு எரிச்சலோடு போராட வேண்டாம். தோல் மருத்துவரிடம் காட்டினால் படிப்படியாக இறக்குவார். மங்குக்கு வேறு வழிகளும் உண்டு: அசெலாயிக் ஆசிட், நியாசினமைட், எல்லாவற்றுக்கும் மேலாக வெயில் படாமல் பார்த்துக்கொள்வது. மங்கு குறையும், திரும்பவும் வரும். 'நிரந்தரமாகப் போக்குகிறோம்' என்று யார் சொன்னாலும் பர்ஸை மூடிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு 48 வயது. முகத்துக்கு மாதம் 1,200 ரூபாய் செலவு செய்கிறார். இந்த வயதில் இது யாருக்காக?
— கணவர், தா.பேட்டை

பதில்: அவருக்காக. உங்கள் மாதாந்திர டீக்கடைக் கணக்கையும் பெட்ரோல் கணக்கையும் அதே நோட்டில் பக்கத்திலேயே எழுதிப் பாருங்கள், பேச்சு சுமுகமாக முடியும். உண்மையிலேயே செலவைக் குறைக்க உதவ வேண்டுமென்றால் ஒரு வேலை தருகிறேன். இப்போது அட்டையில் எம்ஆர்பி-க்குப் பக்கத்திலேயே ஒரு கிராமுக்கு, ஒரு மில்லிக்கு என்ன விலை என்றும் அச்சிடுகிறார்கள். கடைக்குப் போகும்போது கண்ணாடி போட்டுக்கொண்டு அதை ஒப்பிட்டுச் சொல்லுங்கள். 15 கிராம் டப்பாவும் 100 கிராம் ட்யூப்பும் ஒரே பொருளாக இருந்து விலை மட்டும் எங்கேயோ நிற்பதை நீங்களே பார்ப்பீர்கள். மனைவியும் சந்தோஷப்படுவார்.

கேள்வி: மகள் சென்னையிலிருந்து கொரியா பாட்டில்கள் ஏழு அனுப்பியிருக்கிறாள். டோனராம், எசன்ஸாம், சீரமாம். எதற்குப் பின் எது? காலையில் எழுந்து இத்தனையும் பூசினால் இட்லி எப்போது ஊற்றுவது?
— குளித்தலை வாசகி, 50

பதில்: இட்லியை ஊற்றுங்கள். அது வேகிற நேரத்தில் முகத்து வேலை முடிந்துவிடும், ஏனென்றால் ஏழில் மூன்று போதும். மென்மையான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், காலையில் சன்ஸ்கிரீன். மற்ற நான்கையும் மகளுக்கே அன்போடு திருப்பி அனுப்பலாம்.

சன்ஸ்கிரீனில்தான் நம் பெண்கள் சிக்கனம் பார்க்கிறார்கள். பார்க்கவே கூடாத இடம் அது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் அடியிலிருந்து நுனிவரை கோடாகப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். கிட்டத்தட்ட ஒரு கிராம். தினம் ஒரு முறை என்றாலே 50 கிராம் ட்யூப் ஒன்றரை மாதத்தில் தீர வேண்டும். தீபாவளிக்கு வாங்கியது சித்திரையிலும் இருக்கிறதென்றால் அது உங்களைக் காக்கவில்லை, நீங்கள்தான் அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். எஸ்பிஎஃப் 30 வெயிலின் புற ஊதா-பி கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 சுமார் 98. அந்த ஒரு சதவீதத்துக்காக இரட்டை விலை வேண்டாம். அந்தப் பணத்தில் அடுத்த ட்யூப்பை வாங்குங்கள். மங்கு உள்ளவர்கள் நிறம் கலந்ததாக வாங்கினால் நல்லது, அதில் இருக்கும் இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் ஓரளவு தடுக்கும்.

சன்ஸ்கிரீன் தோலைக் காக்கும் என்பது வெறும் விளம்பர வாசகம் இல்லையா என்று கேட்பீர்கள். ஆஸ்திரேலியாவின் நாம்பூர் என்ற ஊரில் 1992 முதல் 1996 வரை பார்த்தார்கள். 55 வயதுக்குட்பட்ட 903 பேர். தினமும் பூசியவர்களின் தோலில் மூப்பு 24 சதவீதம் குறைவு. அவர்கள் வெள்ளைத் தோல்காரர்கள். நமக்கு வெயில் முதலில் சுருக்கமாகக் காட்டாது, கறுப்புத் திட்டாகத்தான் காட்டும்.

சுருக்கத்துக்கு என்று ஒன்று வாங்கியே ஆக வேண்டுமென்றால் ரெட்டினால். இரவில், பட்டாணி அளவு, வாரத்தில் இரண்டு மூன்று நாளில் தொடங்குங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் தொடவே கூடாது. மருமகள் கையில் அகப்படாமல் வையுங்கள்.

கேள்வி: கோரை அறுக்கவும் வாழைத் தோட்டத்துக்கும் வேலைக்குப் போகிறேன். அரசின் மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் அக்கவுண்டில் விழுகிறது. அதில் முகத்துக்கு எவ்வளவு எடுக்கலாம்? எனக்கெல்லாம் அந்த வெயில் க்ரீம் கட்டுபடியாகுமா?
— தொட்டியம் வாசகி, 43

பதில்: இந்தக் கடிதத்தைத்தான் நான் அதிக நேரம் கையில் வைத்திருந்தேன். திருச்சிப் பக்கம் கோடை நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் அதுதான் கடைசிப் படி. அந்த வெயிலில் நிற்பவர் நீங்கள்; க்ரீம் விளம்பரமோ ஏசி அறையில் இருப்பவரைப் பார்த்துப் பேசுகிறது.

சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறீர்கள் அல்லவா? நீங்கள் போட்டிருப்பதிலேயே ஆகச் சிறந்த சன்ஸ்கிரீன் அதுதான். வியர்வையில் அழியாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டியதில்லை. நெருக்கமாக நெய்த, கொஞ்சம் அழுத்தமான நிறத் துணியாக இருக்கட்டும். மெல்லிய வெள்ளைத் துணி நனைந்தால் வெயில் உள்ளே வந்துவிடும். துண்டு நெற்றிக்கு முன்னால் நீட்டிக்கொண்டு கன்னத்தில் நிழல் விழ வேண்டும். ஆற்று மணலில் நடக்கும்போது வெயில் கீழிருந்தும் அடிக்கும், காய்ந்த மணல் புற ஊதாக் கதிரில் ஆறில் அல்லது ஏழில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும்.

குளித்துத் துவட்டிய ஈரம் காய்வதற்குள் கை காலுக்குத் தேங்காய் எண்ணெய். இது பாட்டி வைத்தியம் மட்டும் இல்லை. பிலிப்பைன்ஸில் 34 பேரிடம் சோதித்து, உலர்ந்த தோலுக்கு மினரல் ஆயில் அளவுக்கே வேலை செய்கிறது என்று 2004-இல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது வெயிலைத் தடுக்காது, முகத்தில் சிலருக்குப் பருவும் வரும். பித்தவெடிப்புக்கு இரவில் யூரியா 10 சதவீதம் உள்ள க்ரீம், அல்லது வாசலின் தடவி பழைய காட்டன் சாக்ஸ். எல்லாம் சேர்ந்து மாதம் 150 ரூபாய்க்குள் வரும். அதை நீங்கள் கூச்சமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். உரிமை என்று பெயரிலேயே இருக்கிறதே!

கேள்வி: எங்கள் வீட்டில் தலைமுறையாக நலங்கு மாவுதான். பயத்தம்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், ரோஜா மொட்டு, பூலாங்கிழங்கு, வெட்டிவேர், கார்போகரிசி எல்லாம் போட்டு அரைப்பேன். முகத்தில் மட்டும் எலுமிச்சை சேர்த்துப் பூசுவேன். பேத்தி, "பாட்டி, சயின்ஸ் இல்லை" என்கிறாள்.
— மாமி, 63, ஸ்ரீரங்கம்

பதில்: மாமி, உங்கள் மாவில் இருக்கும் சயின்ஸில் ஒன்று இப்போது அழகான பாட்டிலில் அடைபட்டு ஆயிரக்கணக்கில் விற்கிறது. கார்போகரிசி விதையிலிருந்து 1966-இல் இந்திய வேதியியலாளர்கள் ஒரு பொருளைப் பிரித்தெடுத்து பகுச்சியால் என்று பெயர் வைத்தார்கள். ரெட்டினாலுக்குப் பதிலாக இன்று உலகமெல்லாம் பூசும் சீரம் அதுதான். 44 பேரிடம் 12 வாரம் ஒப்பிட்ட ஓர் ஆய்வில் சுருக்கத்தையும் திட்டையும் குறைப்பதில் இரண்டும் ஏறக்குறைய சமம், எரிச்சல் மட்டும் பகுச்சியாலுக்குக் குறைவு. பேத்தியிடம் இதைச் சொல்லுங்கள்.

அவளுக்கும் பாதி மதிப்பெண் உண்டு. அதே விதையில் சோராலென் என்ற பொருளும் இருக்கிறது. வெயில் பட்டால் தோலைக் கருக்கும், சில நேரம் கொப்பளிக்கவும் வைக்கும். வெண்புள்ளிக்கு இந்த விதையை வைத்தியர்கள் கொடுத்ததே அந்தக் குணத்துக்காகத்தான். சீரத்தில் சோராலெனை நீக்கிவிடுகிறார்கள், நாட்டு மருந்துக்கடையில் வாங்கும் விதையில் யார் நீக்குவது? அதனால் கார்போகரிசியை மாவிலிருந்து எடுத்துவிடுங்கள். எலுமிச்சைக்கும் இதே குணம் உண்டு. பூசிக்கொண்டு சித்திரை வீதியில் ஒரு சுற்று நடந்தால் திட்டுத்திட்டாகக் கறுக்கும். எலுமிச்சை ரசத்துக்குப் போகட்டும். பயறும் கஸ்தூரி மஞ்சளும் அப்படியே தொடரட்டும், நைசாகச் சலித்து, தேய்க்காமல் தடவிக் கழுவினால் போதும்.

கேள்வி: கழுத்து கறுத்துப் போயிருக்கிறது. பீர்க்கங்காய் நார், சர்க்கரை, காபித்தூள் எல்லாம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.
— துறையூர் வாசகி, 44

பதில்: நாரைக் கீழே வையுங்கள். வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்தால் அது அழுக்கே இல்லை. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். சர்க்கரையைக் கழுத்தில் தேய்ப்பதை நிறுத்திவிட்டு ரத்தத்தில் பார்த்துவிடுங்கள். எடை குறைந்து சர்க்கரை கட்டுக்குள் வந்தால் கழுத்தும் மெல்லத் தெளியும்.

கேள்வி: ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி. வெண்புள்ளி நோயா? அழுகையாக வருகிறது.
— முசிறி வாசகி, 51

பதில்: அழாதீர்கள் அம்மா. ஸ்டிக்கர் பசையில் பாரா-டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற பொருள் இருப்பதுண்டு, அது நிறமி செல்களைக் கொன்றுவிடும். இன்றே ஸ்டிக்கரை நிறுத்துங்கள். சீக்கிரம் நிறுத்தினால் நிறம் திரும்ப வாய்ப்பு அதிகம். அந்த இடத்தில் குங்குமமும் கொஞ்ச நாள் வேண்டாம், மலிவுக் குங்குமத்தின் சாயம் தன் பங்குக்குக் கறுப்பைக் கொடுக்கும். பக்கத்தில் பரவினால் மருத்துவரிடம் காட்டுங்கள். இதே போல நெற்றி ஓரமும் காதோரமும் கறுத்திருக்கும் மற்ற வாசகிகள் தலைச்சாயத்தைச் சந்தேகிக்கலாம். அதில் இருக்கும் பிபிடி என்ற வேதிப்பொருள் பலருக்கு ஒவ்வாது.

கேள்வி: நாத்தனார் துபாயிலிருந்து ஒரு வெள்ளை க்ரீம் கொண்டுவந்தார். டப்பாவில் முகவரி இல்லை, 'தங்க நகையில் படாமல் பூசவும்' என்று மட்டும் இருக்கிறது. அவருக்கு நன்றாகவே வெளுத்திருக்கிறது. போடலாமா?
— முசிறி வாசகி, 45

பதில்: வேண்டவே வேண்டாம். தங்கத்துக்கு ஆகாதது பாதரசம். அப்படி ஓர் எச்சரிக்கை இருந்தாலே உள்ளே பாதரசம் இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். கேரளத்தின் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள், புரதம் ஒழுகும் ஒருவகைச் சிறுநீரக நோயோடு 2021 முதல் 2023 வரை வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு அபூர்வமான ஒரே வகை. அந்தப் 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று பெயர் வைத்துக் கடை கடையாகச் சோதனைக்கு இறங்கியது இந்தக் காலத்தில்தான்.

நாத்தனாரிடம் கோபித்துக்கொள்ளாமல் விஷயத்தைச் சொல்லுங்கள். கால் வீங்குகிறதா, சிறுநீர் நுரைக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றாலும் நிறுத்தச் சொல்லி ஒரு சிறுநீர்ப் பரிசோதனை. சீக்கிரம் நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் தேறியிருக்கிறார்கள். 1975-இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' வந்ததிலிருந்து நம் பெண்களுக்கு வெளுப்பை விற்றுக்கொண்டே இருக்கிறார்கள். 2020-இல் அந்தப் பெயரிலிருந்து 'ஃபேர்' போனது. நம் வீட்டுக் கல்யாணப் பேச்சிலிருந்தும் அது போக வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன்.

கேள்வி: மாதவிலக்கு நின்று ஒரு வருடம். தோல் காய்ந்து இரவெல்லாம் அரிக்கிறது. திருச்சியில் பெரிய கிளினிக்கில் 'பேக்கேஜ்' சொல்கிறார்கள், நகையை வைக்க வேண்டியிருக்கும் போல.
— காட்டுப்புத்தூர் வாசகி, 49

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும். நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நிற்கிறது. அதற்குப் பிந்தைய முதல் ஐந்து வருடத்தில் தோலின் கொலாஜன் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும், எண்ணெய்ப் பசையும் வற்றும். கொதிக்கும் வெந்நீரை விடுங்கள், சோப்பை அக்குள், இடுக்கு, பாதத்தோடு நிறுத்துங்கள், ஈரத்தோடு கிளிசரின் கலந்த லோஷனைத் தாராளமாகப் பூசுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் அடங்காவிட்டால் தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை மூன்றையும் பாருங்கள். எங்கேயாவது தேமல் போல வெளிறிய இடத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் ஒரு நாள் கூடத் தள்ளாமல் ஆரம்ப சுகாதார நிலையம் போங்கள். தொழுநோயாக இருந்தால் மருந்து இலவசம், முழுமையாகக் குணமாகும்.

திருச்சி போவதென்றால் புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது, தோல் பிரிவு உண்டு, பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. காலையிலேயே போய்விடுங்கள். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. போகும்போது இதுவரை பூசிய ட்யூப், டப்பா, மாவு, எண்ணெய் அத்தனையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப்போய் டாக்டர் மேசையில் கொட்டிவிடுங்கள். பெயர் சொல்லத் தெரியவில்லை என்ற கூச்சமே வேண்டாம்.