ஸ்ட்ராபெரி சூடா, குளிர்ச்சியா?

போன ஞாயிற்றுக்கிழமை ரிங்லெட்டில் கோழி வாங்க நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் பை, மறு கையில் ஐந்து வயதுப் பேரன். பின்னால் நின்ற ஓர் அம்மா, முன்பின் பார்த்த முகமே இல்லை, பையனின் கையைப் பிடித்துப் புரட்டி, ரேகை பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் காட்டி, "சூடு" என்றார். என்ன ஆச்சு, எத்தனை நாளாச்சு, ஒன்றும் கிடையாது. நேராகத் தீர்ப்பு. கோழிக்காரர் கத்தியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "சூடுதான்லா" என்று அவரும் கையெழுத்துப் போட்டார். அந்தக் கடுப்பில் எட்டுத் துண்டு என்று சொல்ல வேண்டிய கோழியைப் பதினாறு என்று சொல்லித் தொலைத்தேன். அன்று வீட்டில் குழம்பு வைத்தபோது எலும்புக்கும் கறிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதற்கும் பாட்டுக் கேட்டது நான்தான்.

அந்த அம்மா பதினோராவது ஆள். நான் எண்ணிக்கொண்டுதான் வருகிறேன்.

விஷயம் இதுதான். பையனுக்குக் கைத்தோல் உரிந்தது. முதலில் கட்டைவிரல் நகத்தை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு. மறுநாள் அது தூக்கிக்கொண்டு நின்றது, ஆறிப்போன டீயின் மேல் படியுமே ஆடை, அதைக் கரண்டியால் ஒதுக்கியதுபோல. நாலாம் நாள் பத்து விரலும் உரிகிறது. அரிப்பு இல்லை, வலி இல்லை. பையனுக்கோ பெருமை தாங்கவில்லை. தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாக உரித்து நாற்காலிக் கையில் வரிசையாக அடுக்குவான். யாராவது வீட்டுக்கு வந்தால் "நான் பாம்பு" என்று அறிமுகம். எங்கள் அப்பா மலையில் கொழுந்துக் கணக்கு எழுதியவர். "தோலை உரிச்சு உப்பைத் தடவிருவேன்" என்று வாரத்துக்கு மூன்று தடவையாவது சொல்வார். ஒரு நாளும் செய்ததில்லை. இவனுக்கு யாரும் மிரட்டாமலே உரிகிறது.

பிள்ளைக்குத் தோல் ஏன் உரிகிறது, அதற்கு என்ன களிம்பு தடவினால் தேவலை, இந்த இரண்டையும் நாலு பேருக்குப் பயன்படும்படி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதத்தான் போகிறேன். அதற்கு முன்னால் இந்தச் 'சூடு' பற்றி இரண்டு வார்த்தை.

நாம் இருப்பது கேமரன் மலை. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர். இந்த நாட்டிலேயே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 பாகை செல்சியஸ். அது எங்கே பதிவானது? இங்கேதான், 1978 பிப்ரவரியில். அந்த விடியற்காலையில்கூட எந்த லயத்திலாவது ஒரு பாட்டி, கம்பளிக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டி, பேத்தியின் வாய்ப்புண்ணைப் பார்த்துச் "சூடு" என்று சொல்லியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோலாலம்பூரிலிருந்து குளிர் தேடி மணிக்கணக்காக வளைவு வளைவாக வாந்தி எடுத்துக்கொண்டு மேலே வருகிறார்கள். வந்து இறங்கி, ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு, நம் பிள்ளையைப் பார்த்து "உடம்பு சூடு போல" என்கிறார்கள்.

தமிழர்கள் மட்டும் சொன்னால் சித்த வைத்தியம், பித்தம் என்று விட்டுவிடலாம். காய்கறிக் கடைச் சீனத் தவுக்கே, பையன் கையைப் பார்த்து "ஹீட்டி" என்றார். கசப்பாகக் கறுப்பாக ஒரு மூலிகைத் தண்ணீர் விற்கிறார்களே, அதைக் கொடுக்கச் சொன்னார். பள்ளி வேன் ஓட்டும் மலாய்க்காரப் பாக்சிக் "பானாஸ் பாடான்" என்றார், இளநீர் சிபாரிசு செய்தார். மொழி, மதம், சாப்பாடு, வோட்டு, எதிலும் ஒத்துப்போகாத மூன்று இனமும் 1957இலிருந்து பிசகாமல் ஒத்துப்போகும் ஒரே கொள்கை உடம்புச் சூடு. தேசிய ஒற்றுமைக்கு இலாகா வைத்துச் செலவு செய்கிறார்கள். ஒரு பிள்ளையின் உரிந்த கையை நடுவில் வைத்தால் போதும்.

சரி, எது சூடு, எது குளிர்ச்சி? அங்கேதான் பிரச்சினை. கோழி சூடு. முட்டை சூடு. மாம்பழம் சூடு, பப்பாளி சூடு, டுரியான் கேட்கவே வேண்டாம், நெருப்பு. அதற்கு மாற்றாக மங்குஸ்தீன் குளிர்ச்சி, ஆண்டவனே ஜோடியாகப் பழுக்க வைத்திருக்கிறான். வெந்தயம் குளிர்ச்சி. பார்லி குளிர்ச்சி. எள் தின்றால் சூடு; அதே எள்ளை ஆட்டி எடுத்த நல்லெண்ணெயைத் தலையில் தேய்த்தால் குளிர்ச்சி. செக்குக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் விளக்கவில்லை. ஐஸ் போட்ட மைலோ? குளிர்ச்சி என்று நினைத்தால் நீங்கள் ஏமாளி. ஐஸ் வாயில்தான் குளிருமாம், உள்ளே போய்ச் சூட்டைக் கிளப்புமாம். அப்படியானால் கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் உள்ளே போய்க் குளிருமா என்று கேட்டேன். பெரியவர்களிடம் எடக்குப் பேசாதே என்றார்கள். எனக்கு வயது அறுபத்தாறு.

டீ? டீ சூடு. சொன்னது பக்கத்து வீட்டு அக்கா. சொன்ன இடம் எங்கள் வாசல். வாசலிலிருந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் தேயிலை. 1929இல் ரஸ்ஸல் துரை இந்த மலையில் போ தோட்டத்தைத் தொடங்கிய நாளிலிருந்து நம் தாத்தா பாட்டிகள் சூட்டைத்தான் பயிரிட்டு, சூட்டைத்தான் கிள்ளி, சூட்டைத்தான் கூடையில் முதுகில் சுமந்திருக்கிறார்கள் என்று ஆகிறது. நான் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் வேலை செய்தவன். வாட்டுகிற தொட்டியில் பரப்பிய கொழுந்து ராத்திரி முழுக்கக் காற்றில் வதங்கி, பிடித்தால் கசங்கும் பதத்துக்கு வரும்போது ஒரு வாசனை வரும், நறுக்கிய ஆப்பிள் மாதிரி. அந்த வாசனைக்குள்ளேயே முப்பத்தோரு வருஷம் மூச்சு விட்டேன். அக்கா கணக்குப்படி நான் இந்நேரம் சாம்பலாகியிருக்க வேண்டும்.

கடைசியில் ஸ்ட்ராபெரி. பையன் ஸ்ட்ராபெரி நிறையத் தின்கிறான், அதுதான் காரணம் என்று ஒரு கட்சி. ஸ்ட்ராபெரி குளிர்ச்சி, இன்னும் கொடுங்கள் என்று எதிர்க்கட்சி. இதற்குத் தீர்ப்பே கிடையாது. அகத்தியர் பொதிகையோடு நின்றுவிட்டார், பிரிஞ்சாங் வரை ஏறவில்லை. பதினெண் சித்தரில் ஒருவர்கூட ஸ்ட்ராபெரியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆகவே கோயில் மண்டபத்தில் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து, சுண்டல் கையில் இருக்கும்போதே ஆறு பேர் கூடி விவாதித்தார்கள். சிவப்பு, அதனால் சூடு என்றார் ஒருவர். தக்காளியும் சிவப்புத்தானே, அது குளிர்ச்சியாச்சே என்றார் இன்னொருவர். குளிரில் விளைவது குளிர்ச்சியாகத்தான் இருக்கும் என்றார் மூன்றாமவர். அப்படியானால் டீ? மறுபடி முதலிலிருந்து. ஒன்றேகால் மணி நேரம். சுண்டல் சூடா என்று நான் கேட்டிருக்கக் கூடாது.

நான் மட்டும் யோக்கியமா? இல்லை. ஊரில் யாருக்குத் தலை வலித்தாலும் என் சட்டைப் பையிலிருந்து தைலப் புட்டி வெளியே வரும். இவனுக்குக் கை உரிய ஆரம்பித்த மறுநாள், மருமகள் வேலைக்குப் போனதும், அந்தத் தைலத்தில் ரெண்டு சொட்டு விரல்களில் தடவினேன். ஐந்து வயசுப் பிள்ளை அடுத்து என்ன செய்வான்? கண்ணைக் கசக்குவான். கசக்கினான். அலறிய அலறலில் லயமே கூடிவிட்டது. கூடியவர்கள் அழுகிற பையனின் சிவந்த கண்ணைப் பார்த்தார்கள். என்ன சொன்னார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு பக்கத்து வீட்டு அக்கா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய வேப்பெண்ணெய் கொண்டுவந்தார். வீடே பேய் ஓட்டிய வீடுபோல் நாறியது. சம்பந்தியம்மாள் தொலைபேசியில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தடவி வெயிலில் நிறுத்தச் சொன்னார். நல்லவேளை, அன்றைக்கு மழை. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளித்துப் புண்ணாகும், கறுத்த தழும்பு மாதக்கணக்கில் நிற்கும் என்று பிறகுதான் தெரிந்தது. அதிலும் இந்த உயரத்தில், உடம்புக்குக் குளிராக இருந்தாலும் புற ஊதாக்கதிர் சமவெளியைவிடக் கூடுதல். குளிர்கிறதே என்று தொப்பி இல்லாமல் திரிந்துவிட்டு, மூன்றாம் நாள் மூக்குத் தோல் உரிந்து நிற்கிற சுற்றுலாக்காரர்களைப் பார்த்திருப்பீர்கள்.

மருமகள் எங்கள் யாரையும் கேட்காமல், 1 ரிங்கிட் கட்டி, அரசாங்கக் கிளினிக்கில் எண் எடுத்துவிட்டாள். நானும் என் மனைவியும் கூடவே ஒட்டிக்கொண்டோம். மருத்துவர் சின்னப் பெண், என் மகள் வயதுகூட இருக்காது. கையைப் பார்த்தார். பாதத்தைப் பார்த்தார். பிறகு ஒன்று கேட்டார்: "ஒரு மாசத்துக்குள்ள இவனுக்குக் காய்ச்சல் வந்துச்சா?"

நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் பாலர் பள்ளியில் கை கால் வாய்ப்புண் நோய் என்று பத்து நாள் பூட்டினார்கள். இவனுக்கு ரெண்டு நாள் காய்ச்சல், வாயில் நாலு புண், உள்ளங்கையில் சில சிவப்புப் புள்ளிகள். சூடு என்று என் மனைவி பார்லித் தண்ணீர் கொடுத்தாள், சரியாகிவிட்டது. சூட்டுக் கட்சியின் வெற்றிக் கணக்கில் ஒன்று கூடியது. அத்தோடு மறந்தும்விட்டோம்.

அதுதானாம். அந்தக் கிருமி போன பிறகு, ஒன்று முதல் மூன்று வாரத்தில், சில பிள்ளைகளுக்கு விரல் நுனித் தோல் உரியும். இன்னும் சில வாரம் கழித்து நகம்கூடக் கழன்று விழலாம், பயப்படாதீர்கள், அடியில் புது நகம் வந்துகொண்டிருக்கும் என்றார். பதினோரு நிபுணர்களில் ஒருத்தருக்கும் இந்த ஒற்றைக் கேள்வி தோன்றவில்லை. பன்னிரண்டாவது நான். எனக்கும் தோன்றவில்லை, நான் அந்த வீட்டிலேயே இருக்கிறவன்.

அவர் அத்தோடு விடவில்லை. "அந்தக் காய்ச்சலப்போ கண் சிவந்துச்சா? உதடு வெடிச்சுச்சா? நாக்கு ஸ்ட்ராபெரி மாதிரி இருந்துச்சா?"

என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஸ்ட்ராபெரி தின்னான் டாக்டர். அதான் சூடுன்னு சொன்னேன்."

தின்றதைக் கேட்கவில்லையாம். நாக்கு சிவந்து, மேலே புள்ளி புள்ளியாக விதை ஒட்டினாற்போல் ஆகுமாம், வைத்திய நூலிலேயே அதற்கு அந்தப் பழத்தின் பெயர்தானாம். அப்படி நாக்கும், தொண்டை வலியும், உப்புத்தாள் மாதிரி சொரசொரத்த தடிப்பும் இருந்தால் ஒரு தொண்டைக் கிருமி. அதற்கு ஆண்டிபயாடிக் வேண்டும், அதிலும் பின்னால் தோல் உரியும். காய்ச்சல் ஐந்து நாளுக்கு மேல் விடாமல் அடித்து, கண் சிவந்து, உதடு வெடித்து, கை கால் வீங்கியிருந்தால் கவசாகி.

"நான் ஓட்டுனது ஹோண்டா" என்றேன். வாய் முந்திவிட்டது.

கவசாகி என்பவர் ஜப்பான் குழந்தை மருத்துவராம். 1967இல் ஐம்பது பிள்ளைகளைப் பற்றி எழுதி இந்த நோயை உலகத்துக்குச் சொன்னவர். நகத்தடியிலிருந்துதான் அதிலும் உரிய ஆரம்பிக்கும், ஆனால் தோல் உரிவது சின்ன விஷயம், இதயத்தின் ரத்தக் குழாயை அது கெடுத்துவிடும், பத்து நாளுக்குள் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுவது நல்லது என்று மருத்துவர் சொன்னபோது என் மனைவி பையனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இவனுக்கு அது இல்லை, ரெண்டு நாள் காய்ச்சல்தானே என்று அவர் ரெண்டு தடவை சொன்ன பிறகும் இறக்கவில்லை. நானும் ஜோக்கை அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

இதெல்லாம் இல்லாமலும் உரியுமாம். விரல் சூப்பினால் உரியும். கரப்பான் இருந்தால் உரியும். கால்விரல் இடுக்கில் உரிந்து அரித்தால் படையாக இருக்கலாம். குளிருக்கு ஹீட்டரைத் திருப்பி ஆவி பறக்கிற தண்ணீரில் கால் மணி நேரம் குளிப்பாட்டி, வாசனை சோப்பு போட்டுத் தேய்த்தாலும் உரியும். இதைச் சொல்லும்போது அவர் பார்த்தது என்னைத்தான். பையனைக் குளிப்பாட்டுவது நான். ஆக, சூடு இருந்தது உண்மைதான்; உடம்பில் இல்லை, குழாயில்.

வைத்தியம்? ஒன்றும் வேண்டாம் என்றார். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்ச நேரக் குளியல், ஈரம் காயும் முன்னால் ஒரு களிம்பு, தூக்கி நிற்கும் தோலை இழுக்காமல் கத்தரியால் நறுக்குவது. என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. டோக்கன் எடுத்து ரெண்டு மணி நேரம் காத்திருந்ததற்கு ஒரு பத்தியமாவது சொல்ல வேண்டாமா? கதவு வரை போனவள் திரும்பி, "ஸ்ட்ராபெரி கொடுக்கலாமா?" என்று கேட்டாள். கழுவிக் கொடுங்கள் என்றார் மருத்துவர். சூடா குளிர்ச்சியா என்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வழக்கு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.

பத்து நாளில் கை பளபளவென்று ஆகிவிட்டது. வேப்பெண்ணெயால்தான் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. இளநீர் என்கிறார் பாக்சிக். தவுக்கே என்னைக் கண்டால் மூலிகைத் தண்ணீர் பாட்டிலைச் சுட்டிக்காட்டிக் கட்டைவிரலை உயர்த்துகிறார். நாங்கள் அதை வாங்கவே இல்லை. பையனுக்குத்தான் வருத்தம், பாம்பு உத்தியோகம் போய்விட்டது. நகம் எப்போது விழும் என்று தினமும் காலையில் கேட்கிறான்.

களிம்பின் பெயரைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? இப்போதுதான் போய் டப்பாவை எடுத்துப் பார்த்தேன். குளியலறை ஆவியில் ஒட்டியிருந்த தாள் உரிந்து போயிருக்கிறது. பின்வாசலில் அக்கா வந்து நிற்கிறார். எண்ணெய் இருந்தாலும் பரவாயில்லையாம், ஹார்லிக்ஸ் பாட்டில் திரும்ப வேண்டுமாம், அது செட்டாம்.