தத்துவத்துக்கு ஏது சோதனைச்சாலை?

கே: விஞ்ஞானி சோதனை செய்கிறார். தத்துவவாதி உட்கார்ந்த இடத்திலிருந்தே வாதாடுகிறார். இரண்டும் ஒன்றா?

ப: ஒன்றல்ல. ஆனால் தத்துவவாதியும் சோதிக்கிறார். பொருளை அல்ல, வரையறையை. நம்பிக்கை, அந்த நம்பிக்கை உண்மையாக இருப்பது, அதற்குத் தக்க காரணம்: மூன்றும் சேர்ந்தால் அறிவு என்று பலர் ஏற்றிருந்தார்கள். 1963இல் எட்மண்ட் கெட்டியர் மூன்றே பக்கத்தில், இரண்டு எடுத்துக்காட்டுகளால் அதைச் சாய்த்தார்.

கே: ஒரு எடுத்துக்காட்டுக்கு அவ்வளவு பலமா?

ப: பாருங்கள். கெட்டியருக்குச் சுமார் 1,200 ஆண்டு முந்தியவர் பௌத்த அறிஞர் தர்மோத்தரர். அவர் சொன்னது இது: இறைச்சி சுட இப்போதுதான் தீ மூட்டியிருக்கிறார்கள். புகை இன்னும் எழவில்லை. வாடைக்கு மொய்த்த பூச்சிக்கூட்டம் தூரத்தில் நிற்பவனுக்குப் புகையாகத் தெரிகிறது. ‘அங்கே நெருப்பு’ என்கிறான். நெருப்பு இருக்கத்தான் செய்கிறது! ஆனாலும் அவனுக்கு அது தெரியும் என்று சொல்ல நமக்கு நா எழாது. மலையில் புகை, ஆகவே நெருப்பு, அடுக்களையில் காண்பது போல என்று மணிமேகலை 29ஆம் காதை விளக்கும் அனுமானம் இதே புகையை வைத்துத்தான். அதன் நெஞ்சிலேயே கை வைத்தார் தர்மோத்தரர்.

கே: சரி, அறிவு என்றால் என்னவென்று முடிவாகிவிட்டதா?

ப: இல்லை. நான்காவது நிபந்தனை என்று எதைச் சேர்த்தாலும் புது எதிர் எடுத்துக்காட்டு வந்து நிற்கிறது.

கே: அப்படியானால் அறிவியலோடு வித்தியாசம் எங்கே?

ப: தீர்ப்புச் சொல்வது யார் என்பதில். கனமான கல்தான் வேகமாக விழும் என்றால், லேசான கல்லை அதோடு கட்டினால் என்ன ஆகும்? லேசானது பின்னிழுப்பதால் வேகம் குறைய வேண்டும். மொத்த எடை கூடியதால் வேகம் கூடவும் வேண்டும். 1638இல் வெளிவந்த நூலில் கலிலியோ இப்படி மடக்கியது சுத்தமான தத்துவ வாதம். 1971இல் அப்பல்லோ 15 வீரர் டேவிட் ஸ்காட் நிலவில் சுத்தியலையும் இறகையும் ஒன்றாக விட்டார், ஒன்றாகவே விழுந்தன. அங்கே இயற்கை பதில் சொன்னது. தர்மோத்தரருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

கே: நம் பதில் ஊருக்கு ஊர் மாறாதா?

ப: சரியான இடத்தில் பிடித்தீர்கள். மாறுகிறது என்றது 2001இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு: தெற்காசிய, கிழக்காசியப் பின்னணி மாணவர்களின் தீர்ப்பு வேறாம். மற்றவர்கள் அதையே திரும்பச் செய்து பார்த்தார்கள், வேறுபாடு கிடைக்கவில்லை. தத்துவவாதி எடுவார் மஷெரியின் குழு இந்தியா, ஜப்பான், பிரேசில், அமெரிக்கா என நான்கு நாடுகளில் கேட்டது. நான்கிலும் மக்கள் கெட்டியர் பக்கமே சாய்ந்தார்கள்: அது அறிவல்ல என்று.