உப்பும் தூண்டிலும்: ஒரு நெய்தல் ஆய்வு

துணிபு

கடலில் தூண்டில் போட என்னென்ன வேண்டும் என்றால் ராடு, ரீல், தங்கூசி, முள், ஈயக்குண்டு, இரை என்று எவரும் விரல்விட்டு எண்ணிவிடுவர். இவையெல்லாம் எதற்கு என்றால் மீன் பிடிக்க என்பர். பிழை அங்கேதான் தொடங்குகிறது. குளத்துத் தூண்டிலைக் கடல் தூண்டிலாக்கும் செலவு பெரும்பாலும் மீனுக்காக ஆவதன்று, உப்புக்காக ஆவது. கடல் தூண்டில்காரரின் எதிரி உப்பே. மீன் இந்த வழக்கில் அவ்வப்போது வந்து மாட்டிக்கொள்ளும் மூன்றாம் தரப்பு என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முன்னோர் கருத்து

மீன் பிடித்தலையும் உப்பு விளைத்தலையும் நெய்தலுக்கு ஒருங்கே தொழிலாக்கினர் நம் இலக்கணத்தார். இரங்கலை உரிப்பொருளாக்கினர். இரங்குபவள் தலைவி என்றனர் உரையாசிரியர். அது பாதி உண்மை. ரீலைத் திறந்து உள்ளே துருவைக் கண்ட தலைவனின் இரங்கல் எவ்வுரையிலும் இல்லை. என்னை? அக்காலத்து ரீல் இல்லை என்க.

களமும் சான்றும்

ஒருபுறம் உப்பளமும் மறுபுறம் மீன்பிடித் துறைமுகமும் அமைந்த தூத்துக்குடியே இவ்வாய்வுக்குப் பொருத்தமான களம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அதில் பாதிக்கு மேல் குளோரைடு. துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் வாங்கிய எஃகைக் காப்பது அதன்மேல் படியும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். குளோரைடு அதைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். 304 ரகம் தோற்குமிடத்தில், 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் கலந்த 316 ரகம் இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். முள்ளுக்கு வெள்ளீயப் பூச்சு, ஸ்விவலுக்குப் பித்தளை, வசதியுள்ளவர் ராடில் டைட்டானியம் வளையம். மீன் இவற்றில் ஒன்றையும் கேட்கவில்லை.

மறுப்பும் விடையும்

துருவே ஏறாத முள் நல்லதன்றோ எனின், அன்று. தங்கூசியை அறுத்துக்கொண்டு முள்ளோடு போகும் மீனின் வாயில் சாதாரண முள் நாளடைவில் உளுத்து உதிர வாய்ப்புண்டு. உயர்ரக எஃகு முள் நெடுங்காலம் கிடக்கும். இங்கே உப்பு மீனின் பக்கம் சேர்ந்துகொள்கிறது. மேற்படி வழக்கில் எதிரிக்கும் மூன்றாம் தரப்புக்கும் உடன்பாடு உண்டு என்பதற்கு இதுவே சான்று.

ஒப்பாய்வு

பேரிங், பல்சக்கரம், டிராக் வட்டு என ரீலுக்குள் உப்பு குடியேற அறைகள் பல. கடல் ஒருமுறை உப்பிட்டால் ரீல் உள்ளளவும் நினைக்கிறது. காலித் தண்ணீர் பாட்டிலில் தங்கூசியைச் சுற்றி, ஈயக்குண்டைத் தலைக்கு மேல் சுழற்றி வீசும் சிறுவனின் கருவியிலோ, உப்புக்குத் தின்னக் கிடைப்பது முள் மட்டுமே. நைலான் தங்கூசியைக் கெடுப்பது வெயில், உப்பன்று. ஈயம் கறுக்குமே தவிர உளுக்காது. பாட்டிலோ அவன் பேரன் காலத்திலும் கிடக்கும். அதன் குறையும் அதுவே. ஆகவே, கருவியின் விலை ஏற ஏற உப்பின் உணவும் ஏறும் என்பது பெறப்படும்.

சடங்கு

கரையேறியதும் டிராக்கை இறுக்கிவிட்டு, ரீல்மேல் நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றுக. குழாயைத் திருப்பிப் பீய்ச்சுவோர் வெளியிலிருந்த உப்பைத் தாமே பேரிங்குக்குள் குடியேற்றுவோர் ஆவர். துடைத்துக் காயவைத்தபின் டிராக்கைத் தளர்த்திவிடுக.

முடிவுரை

இத்தனை பக்தியோடு ரீலிலிருந்து உப்பைக் கழுவிய அதே கை, அடுத்த கணம் மீனைக் கீறி உப்பை அள்ளி அப்புகிறது. இரும்பில் ஈரம் சேர்த்து அரிக்கும் உப்பு, மீனில் ஈரம் உறிஞ்சிக் கருவாடாக்கிக் காக்கிறது. இதில் முரண் ஏதுமில்லை. வழக்கின் இறுதியில் இரு தரப்பும் சமாதானமாகப் போயிருக்கின்றன, மூன்றாம் தரப்பின் செலவில்.

எனவே அடிப்படைக் கருவிகளின் பட்டியலில் ராடுக்கும் ரீலுக்கும் முன்னதாக ஒரு வாளி நல்ல தண்ணீரைச் சேர்க்க வேண்டும் என இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. கோடையில், தூத்துக்குடியில், அந்த வாளியை வீட்டாரிடம் எப்படிக் கேட்டு வாங்குவது என்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. துணிவுள்ள ஆய்வாளர் மேற்கொள்க.