கீசர் இடம் மாறும்போது

கேள்வி: 25 லிட்டர் கீசரை வேறொரு குளியலறைக்கு மாற்றுவோர் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில்: ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 1 கிலோ எடையுள்ளதாதலால், மின்சாரத்தைத் துண்டித்து, நீரை ஆறவிட்டு, உள்வரும் குழாயை அடைத்துத் தொட்டியை வடித்துவிட்டால், தோளில் ஏறவிருந்த 25 கிலோ சாக்கடையோடு போய்விடும். நீர் நிரம்பியதும் அவ்வெடை சுவரின்மீது மீண்டும் ஏறுவதால், பூச்சோடு நின்றுவிடும் ஆணியை நம்பாமல், செங்கல்லுக்குள் இறங்கி விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட்டுகளில் மாட்டுவதே முறை. அழுத்தம் மிகும்போது தானே திறந்து நீரை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வின் வாயைச் சொட்டுகிறது என்பதற்காக அடைக்கலாகாது. வால்வு சிந்தும் கண்ணீர், வீட்டார் சிந்த நேரும் கண்ணீரைத் தடுக்கிறது. மின்கசிவை மண்ணுக்குக் கடத்தும் எர்த் இணைப்பை எலக்ட்ரீஷியன் சோதித்து, வெந்நீர்க் குழாயில் நீர் சீராக வருவதைக் கண்ட பின்னரே சுவிட்சைப் போட வேண்டும். வெறுந்தொட்டியில் காயில் கருகிவிடும்.