சாட்சி இருக்கா?

தண்ணீர் திராட்சை இரசமானதை நம்புகிறோம். நாலு நாள் கல்லறையில் கிடந்த லாசர் எழுந்து வந்ததை நம்புகிறோம். யாரும் சாட்சி கேட்டதில்லை. ஒரு பெண்பிள்ளை வந்து, "ஃபாதர் என்கிட்ட தப்பா நடந்துக்கிட்டார்" என்று சொன்னால் மட்டும் நமக்குள் ஒரு வக்கீல் புகுந்துகொள்கிறார். சாட்சி இருக்கா? ஏன் அப்பவே சொல்லலை? நீ எதுக்குத் தனியா ஃபாதர் பங்களாவுக்குப் போன?

உதகை மறைமாவட்டத்துப் பாதிரியார் ஜோசப் பழனிவேல் ஜெயபால் 2004-ல் அமெரிக்காவின் மினசோட்டாவுக்கு ஊழியம் செய்யப் போனார். மறுவருஷமே ஊர் திரும்பிவிட்டார். மினசோட்டாவில் இரண்டு பதின்வயதுப் பெண்கள் அவர்மேல் புகார் சொன்னார்கள்; வழக்குப் பதிவானது. அந்த நாட்டுப் போலீஸ் தேடிய மனிதர் 2010-ல் எங்கே இருந்தார் தெரியுமா? உதகை ஆயர் அலுவலகத்தில், மறைமாவட்டப் பள்ளிகளின் ஆசிரியர் நியமனக் காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் விஷயத்தில் அனுபவசாலி என்று நினைத்தார்களோ என்னவோ!

2012-ல் பிடிபட்டார். 2014-ல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். 2015-ல் ஒரு பெண்ணிடம் அத்துமீறியதை நீதிமன்றத்தில் அவரே ஒப்புக்கொண்டார். தண்டனை, ஒரு வருஷமும் ஒரு நாளும். குற்றவாளியே ஆமாம் என்று சொல்லியாகிவிட்டது, இனி எந்தச் சாட்சி வேண்டும்? 2016 ஜனவரியில் உதகை ஆயர், வத்திக்கானுடன் கலந்தாலோசித்து, ஜெயபால்மேல் இருந்த குருப்பணி இடைநீக்கத்தை விலக்கினார். நாம் அந்தப் பெண்ணை நம்புவதற்குள் திருச்சபை அவரை மன்னித்தே முடித்துவிட்டது.

இதில் உதகையை மட்டும் சொல்வானேன்? பாஸ்டனில் பிள்ளைகளைச் சீரழித்த பாதிரியார்களைப் பங்கு விட்டுப் பங்கு மாற்றிக்கொண்டிருந்த கர்தினால் பெர்னார்ட் லா 2002 டிசம்பரில் பதவி விலகினார். 2004-ல் ரோமின் புனித மரியா பெருங்கோவிலுக்கே தலைமைக் குருவானார். அதுவும் மாற்றல்தான், என்ன, கொஞ்சம் மேல்நோக்கி.

புகார் கொடுத்த குடும்பத்துக்குத்தான் மாற்றலே கிடையாது. அதே ஊர், அதே பங்கு, அதே பெஞ்சு. பூசை முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போது காதில் விழும்: "எவ்ளோ நல்லா பிரசங்கம் வைப்பாரு, பாவம் ஃபாதர்." பாடகர் குழுவிலிருந்து அந்தப் பிள்ளையின் பெயர் சத்தமில்லாமல் போயிருக்கும். வீட்டுக்கு வீடு நடக்கும் அன்பிய ஜெபக் கூட்டம் அந்த வீட்டு முறை வரும்போது பக்கத்து வீட்டில் நடக்கும்.

அடுத்த ஞாயிறு பூசையில், சமாதானம் சொல்லும் நேரத்தில் கவனியுங்கள். எல்லாரும் கைகூப்பி இடப்பக்கம் திரும்புவார்கள், வலப்பக்கம் திரும்புவார்கள். கடைசி பெஞ்சில் ஒரு தாயும் மகளும் கூப்பிய கையோடு காத்திருப்பார்கள்.